நாக்கின்மேல் ஒரு பொய்வழக்கு

கல்யாணப் பந்தியில் இலை விழுந்ததும் விசாரணை தொடங்கிவிடும். பாயச வாளியோடு வருகிறவர், "ஒரு நாள்தானே, சும்மா சாப்பிடுங்க. ராத்திரி மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கிட்டா ஆச்சு" என்பார். வாங்கிக்கொண்டால், எதிர்வரிசையிலிருந்து பெரியப்பா ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி, "சுகரை வெச்சுக்கிட்டு பாயசம் கேக்குது பாரு" என்பார். வேண்டாம் என்று கையை மறித்தால், "ரொம்பத்தான் பயப்படுறீங்க. எங்க மாமா எண்பது வயசு வரைக்கும் எல்லாத்தையும் தின்னுட்டுத்தான் போனார்" என்று இன்னொரு குரல் வரும். பாயசத்துக்கு முன்பே அந்த இலையில் மூன்று கரண்டி சோறு விழுந்திருக்கும். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

உபசாரம், ஏளனம், அலட்சியம் என்று மூன்றாகத் தெரிந்தாலும் மூன்றும் ஒரே நம்பிக்கையில் முளைத்தவை. சர்க்கரை நோய் வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு வருகிறது, வாயைக் கட்டினால் அடங்குகிறது, அடங்கவில்லை என்றால் அவன் எங்கோ திருட்டுத்தனமாகத் தின்கிறான். இதைத்தான் மருத்துவர் அறையிலும் கேட்கிறோம், காலைநேரத் தொலைக்காட்சியிலும் கேட்கிறோம், வாட்ஸ்அப்பில் நாள் தவறாமல் வரும் அறிவுரைகளிலும் படிக்கிறோம். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. நோயாளிகளே பெரும்பாலும் இதை நம்புகிறார்கள். அதுதான் இதன் பலம்.

இது உண்மைக்குப் பொருந்தாது, வீட்டுக்கும் உதவாது என்பது என் கட்சி. நீரிழிவைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஒருவருடைய ஒழுக்கத்துக்கு வைக்கும் பரீட்சையாகாது. அது வேலை. நேரமும் காசும் கைகளும் கேட்கிற, ஒரு நாளும் விடுமுறை இல்லாத வேலை. அதை ஒரே ஆளின் தலையில் வைத்துவிட்டு மற்றவர்கள் மேற்பார்வை பார்க்கிறோம்.

எதிர்க்கட்சிக்கு மிகவும் பிடித்த சான்றிலிருந்தே தொடங்கலாம். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு அது. நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்று சோதனையில் தெரிந்த 531 பேரை அதில் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்கு உணவிலும் நடையிலும் தொடர்ந்த வழிகாட்டல். மூன்று ஆண்டில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. இரண்டாம் பிரிவில் 39 பேருக்கு. வித்தியாசம் பெரியதுதான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. உணவும் நடையும் பலன் தருகின்றன. ஆனால் அதே வழிகாட்டலைப் பெற்றும் நோய் வந்த அந்த 39 பேரை என்ன செய்வது? எல்லோரும் ரகசியமாக அல்வா தின்றார்கள் என்றா சொல்வது?

அவர்கள் உடம்பைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் புனேயில் உள்ள கே.இ.எம். மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஆய்வு செய்யும் சி.எஸ். யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு ஒன்றே: 22.3. இருவரில் யாரைப் பார்த்தாலும் ஒல்லியானவர் என்றுதான் சொல்வோம். ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு மெலிந்து, உள்ளே கொழுத்த இந்த உடல்வாகு தாயின் கருப்பையிலேயே தொடங்குகிறது என்பதைத்தான் புனேச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்து யாஜ்னிக் குழுவினர் காட்டினார்கள். பிறக்கும்போதே எடை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கும் பிள்ளை எந்த நாக்கால் எந்தப் பலகாரத்தைத் தின்றது?

சரி, வந்தது விதி என்று வைத்துக்கொள்வோம். வந்த பிறகாவது அடக்கலாமே என்பார்கள். பிரிட்டனில் 1977இல் தொடங்கி, 5,102 பேரைச் சேர்த்து இருபது ஆண்டு நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே இன்சுலின் சுரக்கும் செல்களின் திறன் ஏறக்குறையப் பாதியாகிவிட்டிருந்தது என்றும், அதன் பிறகும் ஆண்டுக்காண்டு அது இறங்கிக்கொண்டே போனது என்றும் அதில் கண்டார்கள். ஒரே மருந்தால் கட்டுக்குள் நின்றவர்கள் மூன்றாம் ஆண்டில் பாதிப் பேர், ஒன்பதாம் ஆண்டில் கால்வாசிப் பேர். ஆகவே பத்தாம் வருஷம் இரண்டாவது மாத்திரை, மூன்றாவது மாத்திரை, பிறகு ஊசி என்று போவது நோயின் இயல்பான நடை. நம்மூரில் ஊசி எழுதிக் கொடுத்த அன்று வீட்டில் சாவு விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. "ஊசி வரைக்கும் கொண்டாந்துட்டீங்களே" என்று மனைவி அழுகிறார். மருத்துவர்களில் சிலரே, "இப்படியே போனால் ஊசிதான்" என்று மிரட்டியிருப்பார்கள். உயிர் காக்கும் மருந்தைத் தண்டனையாக அறிமுகப்படுத்தியபின் நோயாளி அதை ஒத்திப்போடுவதில் என்ன வியப்பு இருக்கிறது?

வாய்க்கட்டை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்த காலமும் ஒன்று இருந்தது. முதல் வகை நீரிழிவு குழந்தைகளுக்கும் வருவது; உடம்பின் தற்காப்புப் படையே இன்சுலின் செல்களை அழித்துவிடும். இன்சுலின் மருந்தாகக் கிடைப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஆலன் இந்தக் குழந்தைகளுக்குப் பட்டினி வைத்தியம் செய்தார். எடுத்துக்கொண்ட ஒவ்வொரு கவளமும் நிறுக்கப்பட்டது. அதைவிடக் கடுமையான வாய்க்கட்டு உலகத்தில் இருந்திருக்காது. குழந்தைகள் எலும்பும் தோலுமாகச் சில காலம் கூடுதலாக வாழ்ந்தார்கள். இன்சுலின் வரும்வரை தாக்குப்பிடித்தவர்கள் சிலர்; மற்றவர்கள் பட்டினியாலோ நோயாலோ இறந்தார்கள். 1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்ட பிறகுதான் அந்தக் கதை மாறியது. நூறு ஆண்டு கழித்தும், முதல் வகை நீரிழிவோடு பள்ளிக்குப் போகிற பிள்ளையின் அம்மாவிடம், "சாக்லேட் நிறையக் கொடுத்திருப்பீங்க" என்கிறார்கள். அந்த அம்மா அதை மறுக்கவும் முடியாமல் மறக்கவும் முடியாமல் இருக்கிறார்.

என் எதிராளியிடம் இன்னும் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. அதை நானே எடுத்து வைத்துவிடுகிறேன். ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் 306 பேரை வைத்து நடந்து 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வு. நாளுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் தரும் திரவ உணவில் சில மாதங்கள் வைத்து, பிறகு படிப்படியாகச் சாதாரண உணவுக்குக் கொண்டுவந்தார்கள். ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 46 பேர் மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். பார்த்தீர்களா, வாயைக் கட்டினால் போய்விடுகிறது என்பார்கள். அந்த ஆய்வை முழுவதும் படிக்க வேண்டும். நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள், எடை கூடியவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். அதிலும் பாதிக்குமேல் வெற்றி பெறவில்லை. வெற்றி பெற்றவர்களின் எண்ணிக்கையும் இரண்டாம் ஆண்டில் 36ஆக இறங்கி, ஐந்தாம் ஆண்டுக்குள் இன்னும் வெகுவாகச் சுருங்கியது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒப்பீட்டுப் பிரிவு: வழக்கமான சிகிச்சை பெற்ற அவர்களில் நூற்றுக்கு 4 பேர்தான் அந்த நிலையை அடைந்தார்கள். இரண்டு பிரிவிலும் இருந்தது ஒரே ஊர்க்காரர்களின் ஒரே மாதிரியான நாக்கு. ஒரு பிரிவுக்கு உணவு கையில் கொடுக்கப்பட்டது. பயிற்சி பெற்ற செவிலியரோ உணவியலாளரோ விடாமல் பார்த்துப் பேசி, எடை ஏறினால் மறுபடி கைகொடுத்தார். 46க்கும் 4க்கும் இடையில் நிற்பது அந்த ஆதரவு. மன உறுதிக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வு துணையின் பலத்துக்குத்தான் சான்று சொல்கிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். வழக்கு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 190. "ராத்திரி என்ன தின்னீங்க?" என்பது முதல் கேள்வி. இரண்டு இட்லியோடு நிறுத்தியவர் என்ன பதில் சொல்வார்? விடியற்காலையில் உடம்பு தானே சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஈரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. இன்சுலின் போதாதவருக்கு அது அப்படியே ஏறி நிற்கிறது. ஒன்றும் சாப்பிடாமலே சர்க்கரை ஏறும். காய்ச்சலில் ஏறும், தூக்கம் கெட்டால் ஏறும், மூச்சிரைப்புக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் தாறுமாறாக ஏறும், பெண்ணுக்கு வரன் தட்டிப்போன கவலையிலும் ஏறும். இவற்றில் எதையும் கேட்காமல் தட்டை மட்டும் கேட்பது விசாரணையே ஆகாது.

நிரபராதி என்று நிரூபிக்க முடியாதவர் அடுத்துச் செய்வது மறைப்பது. சோதனைக்கு இரண்டு நாள் முன்பிலிருந்து அரைப் பட்டினி கிடந்து நல்ல எண் வாங்கிக்கொண்டு வருவார். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி சோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது ஏமாற்றினார் என்ற இன்னொரு குற்றமும் சேரும். குளுக்கோமீட்டரில் வந்த எண்ணை நோட்டில் வேறு எண்ணாக எழுதுகிறவர்கள் உண்டு. அலுவலக விருந்தில் ஊசியை எடுக்க வெட்கப்பட்டு, போடாமலே சாப்பிட்டு வருகிறவர்கள் உண்டு. முதல் வகை நோயுள்ள பெண்ணின் வீட்டார் வரன் பேசும்போது மூச்சுவிட மாட்டார்கள். கல்யாணம் ஆன பிறகு அந்தப் பெண் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு ஊசி போடும். ஏச்சு கேட்டுத் திருந்தியவர்கள் இருக்கலாம். ஏச்சுக்குப் பயந்து சிகிச்சையையே ஒளித்தவர்களை எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

இந்த நம்பிக்கையால் உயிருக்கே ஆபத்து வரும் இடம் தாழ்சர்க்கரை. சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை ஏறியிருக்கும் என்றே வீடு நினைத்துக்கொண்டிருக்கிறது. ஊசியோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை 70க்குக் கீழே விழும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிந்துவிழுவார்கள். குடித்திருக்கிறாரோ என்றுகூட நினைப்பார்கள். அந்த நேரத்தில் வேண்டியது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்ப்பது, குறைவாகவே இருந்தால் இன்னொரு முறை கொடுப்பது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஆனால் பல ஆண்டு சர்க்கரை டப்பாவைக் காவல் காத்த கை அதைத் திறக்கத் தயங்குகிறது. "சுகர்காரருக்குச் சர்க்கரையா கொடுக்கச் சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே நேரம் போகிறது. முந்தானையில் நாலு மிட்டாயை எதற்கும் இருக்கட்டும் என்று முடிந்துவைத்திருக்கும் பாட்டியைப் பேரன் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகக் கொண்டாடுகிறான். அந்த மிட்டாய் அவருக்கு மருந்து.

குடும்பத்தார் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பயம்தான் இப்படிப் பேச வைக்கிறது. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2013இல் வெளியான டான் 2 ஆய்வில் நோயாளிகளோடு வாழும் இரண்டாயிரத்துச் சொச்சம் குடும்பத்தாரையும் கேட்டார்கள். மூன்றில் ஒருவருக்குமேல் இது தங்களுக்குப் பெரும் சுமை என்றார்கள். அதே அளவினர், எப்படி உதவுவது என்றே தெரியவில்லை என்றார்கள். நூற்றுக்கு 39 பேர் சிகிச்சையில் தாங்கள் இன்னும் கூடுதலாகப் பங்கெடுக்க விரும்புவதாகச் சொன்னார்கள். உதவ ஆசை இருக்கிறது, வழி தெரியவில்லை. வழி தெரியாத அன்பு அதட்டலாகிவிடுகிறது. இது சீர்செய்யக்கூடிய குறை. சீர்செய்ய முதலில், கண்காணிப்பதைத் தவிரச் செய்ய ஏராளமாக இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

பாதத்தை எடுத்துக்கொள்வோம். உணர்ச்சி மரத்த காலுக்கு முள் குத்தியதும் தெரியாது, செருப்புக்குள் கல் கிடப்பதும் தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்து, மறுநாள் கொப்புளம் உடைந்து படுக்கையில் ஈரம் பட்ட பிறகுதான் தெரியும். காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொள்வது இதமாக இருக்கும் என்று வைத்து வெந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். தன் பாதத்தின் அடியைத் தானே தினமும் பார்த்துக்கொள் என்பது கேட்க எளிது. குனிந்தால் வயிறு இடிக்கிற, கண்ணில் ஏற்கெனவே புகைமூட்டம் விழுந்த அறுபது வயதுக்காரர் எப்படிப் பார்ப்பார்? ராத்திரி படுக்குமுன் மகனோ மருமகளோ பேத்தியோ டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் விரலிடுக்கையும் பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். உள்ளே மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் வைத்த செருப்பை வாங்கி வாசலில் வைப்பது ஒரு வேலை, கோயிலுக்குப் போகையில் தடித்த காலுறை கொண்டுபோவது ஒரு வேலை. இவற்றில் எதற்கும் நோயாளியின் நாக்கோடு சம்பந்தமில்லை. ஆனால் காலை இழப்பதும் இழக்காததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

ஊசி மருந்தும் அப்படித்தான். குளிர்பெட்டியின் கதவுப் பக்கம் வைக்க வேண்டும், உறையும் இடத்தில் வைக்கக்கூடாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமணல் மேல் வைத்த மண்பானைக்குள் வைக்கலாம். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கட்டி விழுந்து மருந்து சரியாக ஏறாது, இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். கண் மங்கியவருக்கு யூனிட் கோடு தெரியாது. யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். வருஷம் ஒருமுறை கண்மணியை விரிய வைத்து விழித்திரையைப் பார்க்க வேண்டும், சொட்டு போட்ட கண்ணோடு தனியாகப் பேருந்து ஏற முடியாது, கூட ஒரு ஆள் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டும். இந்த அரைநாளைக் கணக்கில் எடுக்காமல், "செக்கப்புக்கே வரமாட்டேங்கறார்" என்று குறைசொல்வது சுலபம்.

வாய்க்கட்டுக்காரர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை: யாருடைய வாய், யாருடைய அடுப்பு? அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரமே அம்மா சமையலை மாற்றுகிறார். காய் கூடுகிறது, கோதுமை வருகிறது, ராத்திரி ஏழரைக்கே தட்டு வைக்கப்படுகிறது. அதே நோய் அம்மாவுக்கு வந்தால் வீட்டில் என்ன மாறுகிறது? காலை மாத்திரையை எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கும் கணவரை வேலைக்கும் அனுப்பிவிட்டு, அவர் சாப்பிட உட்காரும்போது மணி பத்தரை. அதற்குள் ஒருமுறை கண் இருட்டியிருக்கும். மத்தியானம் மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனமில்லாமல் இரண்டு கவளம் அதிகம் போகும். தனக்கென்று ஒரு கூட்டு வைக்கக் கூச்சம். நடைப்பயிற்சிக்கு விடியற்காலை என்றால் பால் வாங்குவது யார். சாயங்காலம் என்றால் விளக்கு எரியாத தெருவும் நாய்களும். இந்தப் பெண்ணுக்கு ஹெச்பிஏ1சி ஒன்பதைத் தாண்டினால் மருத்துவர், "இனிப்பை விடுங்கம்மா" என்கிறார். அவர் இனிப்பைத் தொட்டு வருஷங்கள் ஆகியிருக்கும். வேண்டியது ஒரு தட்டுச் சாப்பாடு, எட்டு மணிக்கு, உட்கார்ந்து. அதை எழுதிக் கொடுக்க மருந்துச் சீட்டில் இடமில்லை.

தனிச் சமையலும் ஒரு தண்டனைதான். ஒருவருக்கு மட்டும் உப்புச்சப்பில்லாத கோதுமை உப்புமா, மற்றவர்களுக்குப் பூரி மசால் என்று ஒரே மேசையில் பரிமாறுவது தள்ளிவைப்பதற்குச் சமம். நீரிழிவுக்காரருக்கு ஏற்ற சாப்பாடு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி எல்லோருக்கும் ஏற்ற சாப்பாடு: சோறு குறைவாக, காயும் பயறும் தாராளமாக, மீனோ முட்டையோ முடிந்தபோது. அம்மா அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்கிறபோது, இளையவர்களின் தட்டை மாற்றாமல் பெரியவரின் தட்டை மட்டும் மாற்றுவது என்ன புத்திசாலித்தனம்?

தட்டை மாற்றக் காசும் வேண்டும். தமிழ்நாட்டில் 2011 முதல் குடும்ப அட்டைக்கு மாதந்தோறும் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய திட்டம் அது, அதைக் குறை கூறுகிறவர்கள் பட்டினியைப் பார்த்ததில்லை. ஆனால் அரிசி சும்மா வருகிற வீட்டில், அவரைக்காயும் பச்சைப் பயறும் மத்திமீனும் காசு கேட்கிறபோது, வயிறு நிரம்புவது எதனால் என்று சொல்லத் தேவையில்லை. சிறுதானியம் சாப்பிடுங்கள் என்று உபதேசிப்பவர்கள் குதிரைவாலியின் கிலோ விலையை ஒருமுறை கேட்டுவிட்டு வரலாம். அதோடு ஒன்று: சிறுதானியமும் மாவுச்சத்துதான். தட்டு நிறையக் குவித்துக்கொண்டு கம்பென்று பெயர் சொன்னால் கணையம் ஏமாறிவிடாது.

அரசாங்கத்துக்கு வருவோம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948லேயே நீரிழிவுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கினார். இந்த நோயை நேரில் பார்த்துப் படித்ததில் நமக்கு முக்கால் நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. அப்படியும் 2020இல் தமிழகத்தில் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் சர்க்கரை நோயாளிகளில் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 10.8 சதவீதம் மட்டும் என்று தெரிந்தது. நூறு பேருக்கு 89 பேர் தோற்கிற பரீட்சையில் வினாத்தாளைச் சந்தேகிக்காமல் மாணவர்களைத் திட்டுகிற வாத்தியாரை என்னவென்று சொல்வது? அதன் மறு ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வந்தது. இந்தத் திட்டம் மேடையில் சொல்லாமல் செயலில் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. மாத்திரை நின்றுபோவதற்குக் காரணம் மனம் தளர்ந்தது மட்டுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆகும் ஒரு நாள் கூலியும் காரணம். வாய்க்கட்டுக் கொள்கையை அரசே கைவிட்டுவிட்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். மாத்திரை வாசல்வரை வந்துவிட்டது. வாசலுக்கு உள்ளே இருக்கும் வேலையைக் கற்றுத்தரும் ஏற்பாடுதான் இன்னும் வளர வேண்டும். சி.பி.எஸ்.இ. 2017இல் நீரிழிவுள்ள மாணவர்கள் தேர்வறைக்குள் மிட்டாயும் பழமும் கொண்டுபோக அனுமதித்தது. சிறிய சுற்றறிக்கை, பல அறிவுரைகளைவிட அதிகம் செய்தது.

குற்ற உணர்ச்சி பெருகும் இடத்தில் வியாபாரிக்குக் கொண்டாட்டம். 'நாற்பத்தெட்டு நாளில் மாத்திரைக்கு விடுதலை' என்று பேருந்தின் பின்கண்ணாடியில் ஒட்டியிருப்பவர், செய்த தவறுக்குப் பரிகாரம் விற்கிறார். தன்னால்தான் வந்தது என்று நம்புகிறவர்தான் பரிகாரம் தேடுவார். நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய வைத்திய விளம்பரச் சட்டமே தடுக்கிறது. அதன் அட்டவணையில் இந்த நோயின் பெயர் இருக்கிறது. எழுபது ஆண்டாகச் சட்டம் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது. பொடியை நம்பி இன்சுலினை நிறுத்திய முதல்வகைப் பிள்ளைக்கு நேர்வது சில நாள்களில் ரத்தத்தில் அமிலம் மிகுந்து மூச்சு வாங்கி மயங்குவது. அப்போதும் பழி வீட்டின்மேல்தான் விழும், விற்றவர் அடுத்த ஊரில் கடை போட்டிருப்பார்.

அப்படியானால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா, எல்லாம் ஜீன், வறுமை, அரசாங்கம் என்று சொல்லிவிட்டு லட்டு தின்னலாமா என்று கேட்பார்கள். எதிர்பார்த்த கேள்விதான். வேலை என்று சொன்னேன் அல்லவா? வேலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. நடக்க வேண்டியவர் அவர், அவருக்காக வேறு யாரும் நடக்க முடியாது. புகையை விட வேண்டியவரும் அவர். லட்டு வேண்டுமா, வேண்டாமா, பாதியா என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவரே. அதைப் பெரியப்பா முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒன்று தின்றுவிட்டார் என்றால் அடுத்த வேளைச் சோற்றைக் குறைத்து, ஒரு நடை கூட நடந்து, வேலையைத் தொடரலாம். பொறுப்பைக் கொடுக்கிறவர்கள் அதற்குத் தகுந்த அறிவையும் நேரத்தையும் மாத்திரையையும் செருப்பையும் கொடுத்திருக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கேட்பவர்கள் தங்கள் பங்கிலிருந்து நழுவுகிறார்கள்.

மருத்துவர் அறையில் இன்று நடப்பது என்ன? நாலு நிமிஷச் சந்திப்பில் கூட வந்த மனைவியைப் பார்த்து, "சொன்னா கேக்கறாராம்மா?" என்கிறார் மருத்துவர். "எங்கே டாக்டர் கேக்கறார்" என்று அவர் தொடங்குகிறார். நோயாளி தரையைப் பார்க்கிறார். சந்திப்பு முடிந்துவிடுகிறது. அந்த நாலு நிமிஷத்தை வேறுவிதமாகச் செலவிடலாம். கூட வந்தவரிடம் குளுக்கோமீட்டரைக் கொடுத்து ஒருமுறை பார்க்கச் சொல்லலாம். தாழ்சர்க்கரை வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவரிடமே கேட்டு, தப்பாகச் சொன்னால் திருத்தலாம். பாதத்தைக் காட்டி, எங்கெல்லாம் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று காட்டலாம். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பாடு இறங்காத நாளில் இன்சுலினைத் தாமாக நிறுத்தக்கூடாது, கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று சொல்லி, கூப்பிட வேண்டிய எண்ணைச் சீட்டின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். "அம்மா, நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க? உங்களுக்குச் சர்க்கரை பார்த்து எத்தனை நாளாச்சு?" என்று அவரையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.